மலை ஏறாத மவுண்டன் பைக்கும் 250 வாட் ஸ்டிக்கரும்

எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன். "எத்தனை நிமிஷம் ஏறும்?"

எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேளுங்கள், பதில் ரெடியாக இருக்கும். கடைக்காரர் சொல்வார், விளம்பரம் சொல்லும், யூடியூபில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஓட்டிக் காட்டுகிற தம்பி இன்னும் சத்தமாகச் சொல்வார். சுமையோடு ஒரு மேட்டில் எத்தனை நிமிஷம் தளராமல் இழுக்கும் என்று கேட்டால் மூன்று பேரும் முழிப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பொருளுக்குத்தான் பட்டன் டயர் போட்டு, முன்னாடி சஸ்பென்ஷன் வைத்து, "எம்.டி.பி." என்று பெயின்ட் அடித்து, முப்பது நாற்பதாயிரம் ரூபாய்க்கு நம் தலையில் கட்டுகிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைச் சைக்கிள் மோட்டாரின் திறமை என்பது சுமையோடு, ஏற்றத்தில், சூட்டில் சோராமல் எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பது மட்டும்தான். அதை அளக்காத எந்த "பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட்"டும் டெஸ்ட் இல்லை. 250 வாட் என்ற எண் அதைச் சொல்லவே சொல்லாது.

இதில் எனக்கு வருகிற கடுப்பு என்னவென்றால், மெஷினை எடை போடத் தெரியாத ஊர்க்காரர்கள் இல்லை நாம். சங்ககிரியில் லாரி வாங்குகிறவர் ஷோரூம்காரர் சொல்லும் ஹார்ஸ்பவரைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவாரா? எத்தனை டன் பாரம், தொப்பூர் ஏற்றத்தில் எந்த கியர், டீசல் என்ன குடிக்கும் என்று ஏற்கனவே அதே வண்டி வைத்திருக்கிற நாலு பேரைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரிடம் போய் "எங்க கம்ப்ரசர் சூப்பருங்க" என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் பாறையில், எத்தனை அடியில், அடிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டுத் துரத்திவிடுவார். ஊரே சுமையை வைத்து மெஷினை மதிப்பிடும்போது, சைக்கிளுக்கு மட்டும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம்.

இதற்குக் காரணமும் நம்ம தறிப்பட்டறைதான் என்று நினைக்கிறேன். பள்ளிபாளையத்தில் வளர்ந்தவர்களுக்கு மோட்டார் என்றால் தறி மோட்டார். அதன் பெயர்ப்பலகையில் ஒரு ஹெச்.பி. என்று போட்டிருந்தால், அது ஒரு ஹெச்.பி.யை (746 வாட்) விடிய விடியக் கொடுக்கும் என்று அர்த்தம். "எஸ்1" என்று பக்கத்தில் இருக்குமே, அது தொடர் ஓட்டத்துக்கான முத்திரை. ஷிஃப்ட் மாறும், ஆள் மாறுவார், மோட்டார் மாறாது. அந்தப் பலகையை நம்பிப் பழகிய கண்கள் சைக்கிள் மோட்டாரில் 250 என்று பார்த்ததும் அதையும் அப்படியே நம்பிவிடுகின்றன. இரண்டும் ஒரே பாஷை இல்லை.

சைக்கிள் மோட்டாரில் 250 எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து. மத்திய மோட்டார் வாகன விதிகளில் (1989) பேட்டரி வாகனத்துக்கு ஒரு விலக்கு உண்டு. மோட்டாரின் "முப்பது நிமிடத் திறன்" 0.25 கிலோவாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே என்று அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் சான்று கொடுத்துவிட்டால் அது மோட்டார் வாகனமே கிடையாது. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். ஆக, 250 என்பது வண்டியை சைக்கிள் பக்கம் நிறுத்துவதற்கான கோடு. அதற்காகத்தான் எல்லா வண்டியிலும் அதே எண். ஸ்கூல் போகிற பிள்ளையின் வண்டியிலும் 250, "மலையை வெல்லுங்கள்" என்கிற வண்டியிலும் 250.

வெளிநாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவிலும் கோடு அதே 250 வாட், அதே 25 கிலோமீட்டர். ஜெர்மனியின் பாஷ் கம்பெனியின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சி.எக்ஸ். மோட்டார் சட்டப்படி 250 வாட். உச்சத்தில் 600 வாட் கொடுத்துக்கொண்டிருந்தது. 2025ல் சாஃப்ட்வேர் அப்டேட்டிலேயே புதிய தலைமுறை மோட்டாரை 750 வாட்டுக்கும் 100 நியூட்டன் மீட்டருக்கும் ஏற்றினார்கள். இரும்பில் ஒரு ஆணி கூட மாறவில்லை, ஸ்டிக்கரும் மாறவில்லை. 2024ல் டிரோன் கம்பெனி டி.ஜே.ஐ. அவினாக்ஸ் என்று ஒரு மோட்டாரோடு இறங்கியது. பூஸ்ட் பட்டனை அழுத்தினால் 1000 வாட். அதுவும் 250 வாட்தானாம்! கடைசியில் ஜெர்மன் சைக்கிள் தொழில் சங்கமான இசட்.ஐ.வி.யே 2025ல் உச்சத் திறனுக்கு 750 வாட் என்று ஒரு வரம்பு வையுங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது.

இதில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? முப்பது நிமிட சராசரி 250ஐத் தாண்டாமல் சாமர்த்தியமாகச் சமாளித்து, நடுவில் ஆயிரம் வாட் உதைக்கிற லட்ச ரூபாய் வண்டி, சட்டத்தின் கண்ணில் சைக்கிள். நம் ஊர் ஒர்க்‌ஷாப்காரர் ஒருவர் "இது 350 வாட், எவ்வளவு நேரம் வேணாலும் இழுக்கும்" என்று உள்ளதை உள்ளபடி எழுதி ஒரு வண்டி செய்தால், அது பதிவில்லாத மோட்டார் வாகனம். நம்ம விதியில் முப்பது நிமிடத் திறன் இருக்கிறது, உச்சத் திறன் பற்றிப் பேச்சு இல்லை. உண்மை சொன்னவன் மாட்டுவான்.

சரி, கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் ஓடாதீர்கள், ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்தான் :-)

ஆள் 65 கிலோ, சைக்கிள் 25 கிலோ, மொத்தம் 90. சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போக, காற்றைத் தள்ள ஒரு 100 வாட், டயர் உருள ஒரு 60 வாட். ஆக 160 வாட் போதும். அதிலும் நீங்கள் சும்மா பெடலை மிதித்தாலே பாதியைக் கொடுத்துவிடுவீர்கள். மோட்டார் பாதித் தூக்கத்தில் இருக்கும். யூடியூப் தம்பிகள் பைபாஸ் ரோட்டில் ஓட்டிவிட்டு "பவர் செம்ம மச்சி" என்பது இந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான்.

இப்போது அதே ஆள், அதே சைக்கிள், நூறு அடிக்கு எட்டு அடி உயருகிற மேடு. வேகம் 15 கிலோமீட்டர் என்று குறைத்துக்கொள்வோம். புவியீர்ப்புக்கு மட்டும் 294 வாட். டயர், காற்று எல்லாம் சேர்த்து 350. வேகம் குறைந்தும் தேவை இரண்டு மடங்குக்கு மேல். இந்த 350ல் நீங்கள் மூச்சு வாங்க மிதித்து 100 கொடுத்தால் மோட்டார் 250ஐ முழுசாக, இடைவிடாமல், சக்கரத்தில் கொடுக்க வேண்டும்.

ஆனால் உண்மையான வில்லன் வாட் இல்லை, சூடு. இந்தப் பத்தியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மொத்தப் பதிவும் இதற்காகத்தான்.

மோட்டார் எவ்வளவு முறுக்கு (டார்க்) கொடுக்கிறது என்பதை அதில் ஓடும் மின்னோட்டம் தீர்மானிக்கிறது. கம்பிச்சுற்றில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டிலுமே வேகம் எங்கேயும் வரவில்லை பாருங்கள். ஒரு ஹப் மோட்டார் 30 நியூட்டன் மீட்டர் கொடுக்க 25 ஆம்பியர் வேண்டும், சுற்றின் தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சூடு 125 வாட். 26 இஞ்ச் சக்கரம் மணிக்கு 15 கிலோமீட்டரில் சுற்றினால் மோட்டார் கொடுக்கும் வேலை 380 வாட் அளவுக்கு வரும். நாலில் மூணு பங்கு வேலை, ஒரு பங்கு சூடு, பரவாயில்லை. அதே முறுக்கில் மேடு கடுமையாகி வேகம் 5 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டால்? வேலை 126 வாட். சூடு அதே 125. பேட்டரியிலிருந்து எடுப்பதில் பாதி மோட்டாரை அடுப்பாக்குவதற்கே போய்விடுகிறது. சூடு ஏறினால் தாமிரத்தின் தடையும் ஏறும், 30 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்கு மேல். அதனால் இன்னும் சூடு. விலை மலிவான நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்க ஆரம்பிக்கும். வலு குறைந்தால் அதே முறுக்குக்கு இன்னும் மின்னோட்டம். ஒரு சுழல்.

நம் பக்கம் சித்திரை வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரி. சுழலின் முதல் படியை வெயிலே ஏறிக் கொடுத்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு மாமா. சொந்தத்தில் நாலு தறி. ஊடை நூல் கோன் எடுத்துவர இப்படி ஒரு "எம்.டி.பி."யை மாதத் தவணையில் வாங்கினார். (எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை.) அவர் எடை 58, மூட்டை 30, வண்டி 25. மொத்தம் 113 கிலோ. அவர் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மேடு. தினம் ஆறேழு நடை, பெரும்பாலும் உச்சி வெயிலில். ரெண்டாவது மாதமே மோட்டார் போய்விட்டது. காயில் கட்டுகிற அண்ணன் பிரித்துக் காட்டினார், வார்னிஷ் கருகி தீய்ந்த சட்டி மாதிரி இருந்தது.

"ஏந்தம்பி, நீ மோட்டார் படிப்புதான படிக்கற? தறி மோட்டாரு நாளெல்லாம் ஓடுது, கை வச்சாத் தாங்குது. இது மேடேறி வர்றதுக்குள்ள தோசைக்கல்லாட்டம் ஆயிருதே, ஏஞ்சாமி?" என்று கேட்டார்.

வாரன்டி கேட்டுப் போனால் "ஓவர்லோடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மேனுவலை எடுத்துப் பார்த்தோம். தாங்கும் எடை 100 கிலோ என்று போட்டிருந்தது. மாமாவும் மூட்டையும் சேர்ந்து 88. எந்தச் சரிவில் 100 கிலோ என்று எங்கேயும் இல்லை. எட்டு சதவீத மேட்டில் 113 கிலோவை மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏற்ற சக்கரத்தில் 33 நியூட்டன் மீட்டர் வேண்டும். வேலை எவ்வளவு? 222 வாட். அதாவது எடையும் வரம்புக்குள், வாட்டும் வரம்புக்குள். மேலே போட்ட கணக்கு மோட்டாரை வைத்தே பார்த்தால் சுற்றில் 150 வாட் சூடு. எந்தக் குறிப்பையும் மீறாமலே ஒரு மோட்டாரை எரிக்க முடியும் என்றால், அந்தக் குறிப்புக்கு என்ன பெயர் வைப்பது?

இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். "500 வாட் மோட்டார் மாத்திக்கலாங்க, பறக்கும்." பறக்கும்தான். ஆனால் அந்த நிமிஷமே வண்டி சைக்கிள் என்ற கோட்டைத் தாண்டிவிடும். நம்பர் பிளேட் இல்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈடு முழுக்க அவர் தலையில், அதாவது நாலு தறியின் தலையில். ஸ்டிக்கர் பொய் சொன்னதால் கஷ்டப்பட்டவர், அதைச் சரிசெய்யப் போனால் சட்டத்தில் மாட்டுகிறார்.

டார்க் எண்ணிலும் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. "எங்க வண்டி 40 நியூட்டன் மீட்டர், அது 85" என்று இரண்டு வண்டியை ஒப்பிடுகிறார்களே, ஹப் மோட்டாரின் 40 சக்கரத்தில் அளந்தது. மிட் டிரைவின் 85 பெடல் அச்சில் அளந்தது. முன்னாடி 34 பல், பின்னாடி 51 பல் போட்டு ஏறினால் 85 என்பது சக்கரத்தில் 127 ஆகிவிடும். மிட் டிரைவ் கியரை மாற்றி, வண்டி மெதுவாக ஏறும்போதும் மோட்டாரை வேகமாகச் சுழலவிட்டுத் தப்பிக்கும். லாரி டிரைவர் ஏற்றத்தில் கியரைக் குறைப்பதும் இதற்குத்தான். ஹப் மோட்டாருக்கு அந்த வசதி கிடையாது. கடைசி வரை ஒரே கியர். பின்சக்கரத்தில் பக்கத்திலேயே ஏழு பல்சக்கரம் அடுக்கி "7 ஸ்பீடு" என்று எழுதியிருப்பது உங்கள் காலுக்கு மட்டும்தான். மோட்டாருக்கு அதில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

இப்போது நம்ம காலேஜ்களுக்கு வருகிறேன். கிளாஸ்மேட்ஸ் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஃபைனல் இயர் பிராஜெக்ட் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ரெண்டு டீமாவது "எலக்ட்ரிக் சைக்கிள் செயல்திறன் ஆய்வு" செய்யும். கிட் கடையில் வாங்குவது, மாட்டுவது, கிரவுண்டில் ரெண்டு ரவுண்டு, போட்டோ. பிறகு மேட்லாபில் ஒரு மாடல், அதில் 92 சதவீத எஃபிஷியன்சி, கலர் கலராக கிராஃப். வைவாவில் கை தட்டல். அந்த மோட்டாரை ஒரே ஒரு நாள் கூட யாரும் சூடுபடுத்திப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் லேபில் பிரேக் டிரம் இருக்கிறது, ஸ்பிரிங் தராசு இருக்கிறது, டிரம் காய்ந்துவிடாமல் தண்ணீர் ஊற்ற ஒரு மக் கூட இருக்கிறது. டிரம்முக்கு ஊற்றத் தெரிந்த நமக்கு மோட்டார் காய்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. பத்து நிமிஷத்தில் ஆறு ரீடிங், ரெக்கார்டில் ஏற்றி கையெழுத்து வாங்கியாச்சு. முழுச் சுமையில் மணிக்கணக்காக ஓடவிட்டு வெப்பம் எங்கே நிலைக்கிறது என்று பார்க்க, ஒரே மாதிரி ரெண்டு மோட்டாரை முதுகோடு முதுகு கோர்த்து ஓட்டும் ஹாப்கின்சன் முறையை செமஸ்டரில் மனப்பாடம் செய்கிறோம். (உள்ளே பல்சக்கரமும் ஃப்ரீவீலும் உள்ள ஹப் மோட்டாருக்கு அது சரிப்படாது. நேரடியாகச் சுழலும் வகைக்குத்தான் சரிப்படும்.) படித்தது எல்லாம் எதற்கு?

லேபே வேண்டாம் என்கிறேன். நம்மைச் சுற்றி மலை இருக்கிறது, அதைவிடப் பெரிய டைனமோமீட்டர் எது? ஒரு வாட் மணி என்பது ஒரு கிலோவை 367 மீட்டர் தூக்கும் வேலை. 90 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் 24.5 வாட் மணி. இதில் எந்தக் கம்பெனியும் விளையாட முடியாது. வேண்டிய சாமான்: எடை மெஷின், சுவரில் செருகுகிற யூனிட் மீட்டர், வாட்ச், தொட்டுப் பார்க்கும் தெர்மாமீட்டர். முழு சார்ஜோடு கிளம்புங்கள், பெடலைத் தொடாதீர்கள், ஆக்சிலேட்டரில் மட்டும் ஏறுங்கள். பெடல் மிதித்தால் எவ்வளவு உங்கள் கால், எவ்வளவு மோட்டார் என்று பிரிக்க முடியாது. முதல் நிமிஷம், ஐந்தாவது, பத்தாவது, இருபதாவது நிமிஷத்தில் வேகத்தையும், மோட்டார் கூட்டின் சூட்டையும் எழுதுங்கள். வேகம் முதல் நிமிஷத்தில் 14, இருபதாவதில் 9 என்றால், 9தான் அந்த மோட்டார். 14 விளம்பரம். வந்து சார்ஜ் போடும்போது மீட்டர் 45 வாட் மணி காட்டினால் 24.5ஐ அதால் வகுங்கள், 54 சதவீதம். சார்ஜர், பேட்டரி, மோட்டார், டயர் எல்லாம் போக மிஞ்சிய உண்மையான எண் அது. உயரத்தை மட்டும் போன் ஜி.பி.எஸ்.சை நம்பி எழுதாதீர்கள், பத்து இருபது மீட்டர் சுலபமாகப் பிசகும். வரைபடத்தில் உயரக் கோடு பார்த்து எடுங்கள்.

இதே கணக்கை கொல்லிமலைக்குப் போட்டுப் பாருங்கள். காரவள்ளியில் இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே போக ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். 90 கிலோவுக்கு 245 வாட் மணி. டயர், காற்று எல்லாம் தனி. மோட்டார் நல்ல பிள்ளையாக 75 சதவீதம் கொடுத்தாலும் பேட்டரியில் இருந்து 327 வேண்டும். 36 வோல்ட், 7.8 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பது 280. "ஒரு சார்ஜில் 40 கிலோமீட்டர்" என்று போட்ட வண்டி, மிதிக்காமல் போனால் பாதி மலைக்கு மேல் எங்கேயோ உங்களைத் தள்ளவிடும். இறங்கும்போது சார்ஜ் ஏறும் என்று யாராவது சொன்னால், உள்ளே ஃப்ரீவீல் இருக்கிற மோட்டாரில் எப்படி ஏறும் என்று கேளுங்கள்.

"யாருடா சைக்கிளில் கொல்லிமலை போறா, பள்ளிபாளையத்தில் இருந்து பாலம் தாண்டி ஈரோடு போக இது போதாதா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. போதும். சமதளத்துக்கு இந்த மோட்டார்கள் தாராளமாகப் போதும், நானே சொல்கிறேன். அப்படியானால் சமதளச் சைக்கிள் என்று விற்கட்டும். மெல்லிய டயர் போட்டுக் கொடுக்கட்டும், தடிமன் டயர் உருளத் தின்னும் கரன்டாவது மிஞ்சும். பேரில் மலையை வைத்து, போட்டோவில் மலையை வைத்து, விலையில் மலையை வைத்து, வாரன்டி என்று வரும்போது மட்டும் "மேட்டுல ஓட்டினீங்களா சார்?" என்று கேட்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மேனுவலில் ரெண்டே ரெண்டு வரி சேர்த்தால் போதும். இத்தனை கிலோவோடு, இத்தனை சதவீத ஏற்றத்தில், 40 டிகிரி வெயிலில், இத்தனை நிமிஷம். அதைத் தாண்டி எரிந்தால் வாங்கினவன் பொறுப்பு, அதற்குள் எரிந்தால் விற்றவன் பொறுப்பு. தறி மோட்டாருக்கு இதைத்தான் அந்தச் சின்னத் தகரப் பலகையில் எழுதி ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்.

மாமா இப்போது பழைய மிதிவண்டியில்தான் கோன் எடுத்து வருகிறார். தவணை இன்னும் பதினோரு மாதம் பாக்கி.